பாறையில் தொடங்கும் கண்மாய்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குக் கீரனூரைத் தாண்டியதும் நார்த்தாமலைக் குன்றுகள் தெரியத் தொடங்கும். குளத்தூர் வட்டத்துக்கு அவைதான் அடையாளம். மேலமலை, ஆளுருட்டிமலை, கடம்பர்மலை, கோட்டைமலை, பொன்மலை என்று ஒவ்வொன்றுக்கும் ஊரார் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீச்சுவரத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். பங்குனியில் முத்துமாரியம்மன் தேருக்குத் திரளும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். கோயிலைப் பார்க்கிறார்கள், குகையைப் பார்க்கிறார்கள், பாறையில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அடிவாரத்துக் கண்மாய்க் கரையில் நின்று பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. இந்த உரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதுதான்: அந்தக் குன்றுகளும் கீழே கிடக்கும் கண்மாய்களும் வெவ்வேறு அல்ல. பாறை, சுனை, புதர்க்காடு, நீர் கொண்டுவரும் வாரி, கண்மாய், வயல் எல்லாம் சேர்ந்த ஒரே நீர் ஏற்பாடு அது. பார்க்கப் போகிறவர்களும் சரி, காக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் சரி, அதை ஒன்றாகக் கருதாதவரை மலையையும் காப்பாற்ற முடியாது, கண்மாயையும் காப்பாற்ற முடியாது.

முதலில் பாறையைப் பார்ப்போம். மொட்டைப் பாறை மழையைக் குடிக்காது. ஒரு எக்டேர் பாறைப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். செம்மண் நிலத்தில் அதில் பெரும்பங்கு மண்ணுக்குள் போய்விடும். சரிந்த பாறையிலோ பெரும்பங்கு சில நிமிடங்களில் அடிவாரத்துக்கு வந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், மழை பெய்த வேகத்தில் தண்ணீரைத் திரட்டிக் கீழே அனுப்பும் பாறைக் குன்று எவ்வளவு பெரிய வரம் என்பதை வேளாண்மை செய்கிறவர்கள் அறிவார்கள். ஓடாமல் பள்ளங்களில் தங்கும் நீர்தான் சுனை. மேலமலையில் அப்படி ஒரு சுனை உண்டு. தலையருவிச் சிங்கம் என்பார்கள். அதன் அடியில், பாறையைக் குடைந்த சிறு கருவறையில், ஒரு சிவலிங்கம் நீருக்குள் இருக்கிறது. 1857ஆம் ஆண்டு புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திர தொண்டைமானின் அரசி அந்தச் சுனைநீரை இறைக்கச் செய்து லிங்கத்தை வழிபட்டதாக அங்கே ஒரு கல்வெட்டு சொல்கிறது. பக்கத்துச் சித்தன்னவாசலிலும் இதே போல நாவற்சுனை என்ற சுனைக்குள் குடைவரை ஒன்று நீரில் மூழ்கிக் கிடக்கிறது. நீர் தங்கும் இடத்தையே கருவறையாக்கியவர்கள் மலையை வெறும் கல்லாக எண்ணியிருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன். விஜயாலய சோழீச்சுவரத்துக் கல்வெட்டையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இளங்கோவதிஅரையர் எனப்பட்ட சாத்தன் பூதி கட்டிய அந்தக் கற்றளி மழையில் இடிந்துபோக, தென்னவன் தமிழதிரையன் எனப்பட்ட மல்லன் விடுமன் அதைப் புதுக்கினான் என்பது அதன் செய்தி. கற்கோயிலையே சிதைக்கும் மழை இந்தப் பாறைமீது பெய்திருக்கிறது, அதைக் கல்லில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

அந்த மழை கீழே இறங்கியதும் என்ன ஆயிற்று என்பதற்குக் கண்மாய்கள் சாட்சி. மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. இங்கே வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. அக்கினியாறு தோன்றுவதே குளத்தூர்ப் பகுதியில்தான். மேட்டுநில ஏரிகளிலிருந்து வழியும் மிகுநீரைச் சேர்த்துக்கொண்டு தென்கிழக்கே போய்க் கடலில் கலக்கிறது. மேல் கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்தால் அந்த நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. அதுவும் நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. ஓர் ஊரின் மிச்சத்தில் இன்னோர் ஊரின் போகம் விளைந்தது. கண்மாய்க்குள் இறங்கிப் பார்த்தால் இதைவிட நுட்பமான ஒன்று நிற்கும். கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டு உயரமான கல்தூண்கள், அவற்றுக்குக் குறுக்கே துளையிட்ட பலகைக் கற்கள். மேய்ச்சலுக்கு வந்த மாடு முதுகு உரசிக்கொள்ளும் கல்லாகத்தான் இன்று அது பலருக்குத் தெரியும். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு அடியில் தரைமட்டத்தில் ஒரு கல்தொட்டி இருக்கும். தொட்டியின் மேல்மூடியில் நீரோடித் துளை. அதைக் குமிழி போன்ற அடைகல் மூடியிருக்கும். பக்கச் சுவரின் அடியில் சிறிய சேறோடித் துளைகள். ஆள் நீந்திப் போய், பலகைத் துளை வழியே இறங்கும் கழியைப் பிடித்துக் குமிழியை மேலே தூக்கினால், மேலேயிருந்து தெளிந்த நீரும் அடியிலிருந்து வண்டல் கலந்த நீரும் தொட்டிக்குள் புகுந்து, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். வயலுக்கு நீரும் உரமும் சேர்ந்தே போயின. கண்மாயும் தூர்ந்துபோகாமல் இருந்தது. இந்தத் தூண்களில் பலவற்றில், தூம்பு செய்து கொடுத்தவரின் பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. கோபுரம் கட்டியவனைப் போலவே மடை வைத்தவனும் தன் பெயர் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். இன்னொரு சாட்சியாகச் சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தைப் பாருங்கள். தீட்டப்பட்டிருப்பது ஒரு தாமரைக் குளம். மீன், எருமை, யானை, அன்னம், தாமரை பறிக்கும் ஆட்கள் என்று உயிர் நிறைந்த குளம். ஒரு சமணக் குடைவரையின் கூரையில் வரையத் தகுந்தது என்று அந்தக் கலைஞர்கள் கருதியது மலையுச்சியை அல்ல, குளத்தை.

இவ்வளவும் ஒன்றாக இருந்ததை நாம் இப்போது எப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம்? விஜயாலய சோழீச்சுவரம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானமும் சுரங்கமும் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. நல்ல சட்டம்தான். ஆனால் அது காப்பது 300 மீட்டர் வட்டத்தை. மழைநீரோ வட்டம் பார்த்து ஓடுவதில்லை. சரிவின் ஒரு பகுதி வருவாய்த் துறைக்கும் ஒரு பகுதி வனத்துறைக்கும் உரியது. கல் வெட்ட அனுமதி என்றால் கனிம வளத்துறை. கண்மாயோ ஆயக்கட்டு 40 எக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறையிடம், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஏரிகளை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க 2007இல் சட்டம் வந்தது. அதன் கவனம் ஏரியின் எல்லைக்குள்தான் இருக்கிறது. மலைக்கும் கண்மாய்க்கும் இடையே ஓடும் வாரிக்கு எந்த அலுவலகத்தில் மேசை இருக்கிறது? இங்கே ஸ்பெயின் நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லத் தோன்றுகிறது. அந்நாட்டின் மேற்கே மெரிதா என்ற பழைய உரோமானிய நகரம் இருக்கிறது. ஊருக்கு வெளியே புரோசர்பினா என்ற நீர்த்தேக்கம். உரோமானியர் கட்டிய அணை இன்னும் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. 1993இல் யுனெஸ்கோ மெரிதாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, நகரத்தின் அரங்கு, கோயில், பாலம் ஆகியவற்றோடு அந்த அணையும், அங்கிருந்து ஊருக்கு நீர் கொண்டுவந்த உயர்மேடைக் கால்வாயும் சேர்ந்தே இடம்பெற்றன. கோடையில் உள்ளூர் மக்கள் அந்தத் தேக்கத்தில் நீந்துகிறார்கள். வெளியூர்ப் பயணிக்கு அணையும் கோயிலளவு பார்க்கத் தகுந்த இடம். நார்த்தாமலையில் அதற்குக் குறைந்த எதுவும் இல்லை. சேர்த்து எழுதிய பட்டியல்தான் இல்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: ஆழ்துளைக் கிணறு வந்தபின் கண்மாய் எதற்கு? மேலே எதுவும் இல்லாமல் கீழே நீர் ஊறாது என்பதே பதில். குளத்தூர் வட்டாரத்தின் அடியில் இருப்பது கடினப்பாறை. நிலத்தடி நீர் தங்குவதெல்லாம் பாறை சிதைந்த மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான். வண்டல் நிலத்தைப் போல ஆழம் போகப் போகத் தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. அந்த வெடிப்புகளுக்கு நீர் ஊட்டுவது தேங்கி நிற்கும் கண்மாய். இரண்டாவது மறுப்பு, காவிரி வருகிறதே என்பது. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் இந்த மாவட்டத்துக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மாயனூர் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர் நீளும் கால்வாய். வரட்டும், அதை வேண்டாம் என்று சொல்கிறவன் இந்த மண்ணின் தாகம் அறியாதவன். ஆனால் அது வெள்ள உபரி நீரைக் கொண்டுவரும் திட்டம். உபரி எல்லா ஆண்டும் இருக்காது. வந்த ஆண்டிலும் கால்வாய் நீரைத் தேக்கி வைக்க வேண்டிய இடம் இதே கண்மாய்கள்தான். தூர்ந்த கண்மாயில் காவிரி வந்தும் பயன் என்ன?

இவற்றையெல்லாம் விடக் கனமான மறுப்பு பிழைப்பைப் பற்றியது. நார்த்தாமலை வட்டாரத்தில் கல் உடைக்கும் தொழிலை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. மாவட்டமெங்கும் பரந்திருக்கும் தைலமரக் காடுகள் காகித ஆலைக்குக் கூழ்மரம் தருகின்றன. வெட்டும் காலத்தில் கூலியும் தருகின்றன. இதை எடுத்தெறிந்து பேசுவது நேர்மையாகாது. பாலம் வேண்டும், வீடு வேண்டும், ஜல்லி வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? என் வாதம் கல்லே எடுக்கக் கூடாது என்பதல்ல. எந்தக் கல்லை எங்கே எடுக்கிறோம் என்பதில்தான் கேள்வி. கண்மாய்க்கு நீர் தரும் சரிவை வெட்டினால் அந்தக் கூலி சில ஆண்டுகளுக்கு. போகம் போவது நிரந்தரமாக. தைலமரம் பற்றி விவசாயிகளின் நெடுநாள் முறையீடும் இதே வகைதான். மரம் நீரை உறிஞ்சுகிறது என்பது அதில் ஒரு பாதி. மறுபாதியை வெளியூரில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: தோட்டத்துக்குள் மழைநீரைத் தேக்க வெட்டும் குழிகளும் போடும் வரப்புகளும் வாரியை மறித்துவிடுகின்றன, கண்மாய்க்குச் சேர வேண்டிய நீர் வழியிலேயே நின்றுவிடுகிறது என்கிறார்கள். மரத்தைப் பற்றிய விவாதம் எப்படி முடிந்தாலும், வாரியை மறிக்கும் வரப்பை உடைத்துவிட எந்த ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கூலி இழப்பைப் பற்றிப் பேசும்போது, கண்மாய் வற்றியதால் நடவும் அறுப்பும் இல்லாமல் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்களின் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மலையையும் நீரையும் ஒன்றாகக் காப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைக் காட்டலாம். அங்கேயும் பாறைக் குன்றுகள், சமணர் படுக்கை, குடைவரைச் சிவன் கோயில், சுனைகள், கண்மாய்கள். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 193 எக்டேர் பரப்பைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் அது. அறிவிப்பு வந்ததனால் எல்லாம் பத்திரமாகிவிடவில்லை. 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதியும் அடங்கியிருப்பது தெரியவந்து, ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அப்படியானால் காத்தது போராட்டம்தானே, அறிவிப்பு எதற்கு என்று கேட்கலாம். போராட்டம்தான் காத்தது, மறுக்கவில்லை. ஆனால் இது எங்கள் மலை என்பதோடு, இந்தச் சுனையும் கண்மாயும் குடைவரையும் அரசே ஒன்றாக ஏற்றுக்கொண்ட இடம் என்று எடுத்துக் காட்ட ஓர் ஆவணம் அவர்கள் கையில் இருந்தது. நார்த்தாமலைக்கும் அப்படி ஓர் அறிவிப்பு வர வேண்டும்; அது 300 மீட்டர் வட்டமாக இல்லாமல், தண்ணீர் ஓடும் வழியை ஒட்டி வரைந்த எல்லையாக இருக்க வேண்டும்.

பயணிகள் பெருகினால் குப்பைதான் பெருகும் என்ற அச்சமும் நியாயமானதே. பாறையில் சாயம் பூசிப் பெயர் எழுதுவதும் சுனையில் நெகிழிப் பையை எறிவதும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் பயணிகள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி சொல்லும் பலகையில் கோயிலின் காலம் இருக்கிறது, கண்மாயின் பெயர் இல்லை. பார்வையை மாற்ற வழியை மாற்றினால் போதும். சித்திரை வெயிலில் அழைத்துப் போகாமல் மழை ஓய்ந்த மார்கழியில் அழைத்துப் போகலாம். கண்மாய்க் கரையில் தொடங்கி, தூம்பைக் காட்டி, வாரியோடு நடந்து மலையேறி, சுனையைப் பார்த்து, கோயிலையும் பழியிலீச்சுவரம், சமணர் குடகு என்ற குடைவரைகளையும் பார்த்துவிட்டு, உச்சியிலிருந்து கீழே நிறைந்து கிடக்கும் கண்மாய்களை எண்ணச் சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான புவியியல் பாடம் கிடையாது.

இதற்கெல்லாம் சென்னையில் ஆணை பிறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடுகிறது; வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. கண்மாயைத் தூர்வார வேண்டும் என்ற பொதுவான தீர்மானம் அதில் அடிக்கடி வருகிறது, ஏட்டிலேயே நின்றும் விடுகிறது. மலையடிவாரத்து ஒவ்வோர் ஊரும், தன் கண்மாய்க்கு எந்தச் சரிவிலிருந்து, எந்தப் புல எண் வழியாக, எந்த வாரியில் நீர் வருகிறது, அது எந்த இடத்தில் மறிக்கப்பட்டிருக்கிறது என்று பெயரும் எண்ணுமாக எழுதி நிறைவேற்றினால், கீரனூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தத் தீர்மானங்களை வரிசையாக வைத்தே நார்த்தாமலையின் நீர்வழி வரைபடத்தை வரைந்துவிடலாம். வாரிகளின் பெயர் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். வருகிற கிராம சபையில் அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்துக் கேளுங்கள்.