முதற் கடலுலாவும் பயணப் பெட்டியும்

1867ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆந் திகதி, ஒரு சனிக்கிழமை, நியூயோர்க் துறையிலே "குவேக்கர் சிற்றி" என்னும் நீராவிக் கப்பலில் ஏறத்தாழ அறுபத்தைந்து பிரயாணிகள் ஏறினர். வணிகத்தின் பொருட்டோ, வேற்று நாட்டிற் குடியேறும் பொருட்டோ அவர்கள் புறப்படவில்லை. மத்தியதரைக் கடலின் கரைகளையும் பலஸ்தீனத்தையும் கண்டு, ஐந்து மாதங்களின் பின் வீடு திரும்புவதே அவர்களுடைய நோக்கம். கட்டணம் ஆளொன்றுக்கு 1,250 டொலர். கரையிற் செலவிடுவதற்கு நாளொன்றுக்கு ஐந்து டொலர் பொன்னாகக் கையில் இருத்தல் நன்று என்றும் ஏற்பாட்டாளர் அறிவித்திருந்தனர். அந்நாளில் இத்தகைய பயணம் அமெரிக்கருக்குப் புதுமையிலும் புதுமை. பிரயாணிகளுள் ஒருவர் முப்பத்தொரு வயதுப் பத்திரிகை எழுத்தாளர். மார்க் ட்வெயின் என்ற புனைபெயரால் பின்னாளில் உலகறிந்தவர். அவர் 1869இல் வெளியிட்ட நூலினாலேயே அப்பயணத்தின் சிறு செய்திகளும் இன்று வரை நிலைத்திருக்கின்றன.

புறப்படுமுன் பிரயாணிகளுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பப்பட்டது. கொண்டுவர வேண்டிய பொருள்கள் அதிற் கூறப்பட்டிருந்தன. சிரியாவிலே குதிரையேறிச் செல்வதற்குச் சேணம். வெயிலுக்குப் பச்சைக் கண்ணாடியும் குடையும். எகிப்தின் புழுதிக்கு முகத்திரை. பலஸ்தீனத்தின் கரடுமுரடான வழிகளுக்கு முரட்டுத் துணியுடை. கப்பலிற் பொழுது போக்க இலேசான இசைக்கருவிகள். கப்பலில் நூல்நிலையம் இருந்தபோதிலும் வழிகாட்டி நூல்கள் சிலவும், ஒரு விவிலிய நூலும், தரமான பயண நூலொன்றும். இந்தப் பட்டியலை இன்று படிப்போருக்கு நகைப்பு வரலாம். ஆயினும் முதன்முறை கப்பலேறும் எவரும் வீட்டு மண்டபத்திலே பரப்பி வைக்கும் பொருள்களை உற்று நோக்கினால், அவையும் பெரும்பாலும் பச்சைக் கண்ணாடியும் சேணமுமாகவே இருக்கும். மனத்திலே கற்பனை செய்த பயணம் ஒன்று. கடலிலே நிகழப்போகும் பயணம் வேறொன்று. பெட்டி கட்டப்படுவது கற்பனைப் பயணத்துக்கே.

"குவேக்கர் சிற்றி"க்கு என்ன நேர்ந்தது? துறையை விட்டு நீங்கிய கப்பல், வெளியே புயல் வீசியமையால், துறைமுக வாயிலிலேயே நங்கூரமிட்டுத் திங்கட்கிழமை வரை காத்துக் கிடந்தது. கடலுக்குள் இறங்கியதும் பிரயாணிகளுட் பலர் தலைசுற்றலும் வாந்தியுமாகப் படுக்கையில் வீழ்ந்தனர். புதிய குறிப்பேடுகளோடு நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர் பலர். எழுதி முடித்தவர் மிகச் சிலர். கப்பல் கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல உள்ளூர் நேரம் நாடோறும் முன்னேறிச் செல்வதை அறியாத இளைஞர் ஒருவர், தம் கடிகாரம் பழுதாகிப் பின்தங்குகின்றது என்று அதனோடு போராடிய கதையை ட்வெயின் சுவைபடக் கூறுகிறார். ஏதென்ஸ் நகருக்குரிய துறையை அடைந்தபோது, பதினொரு நாள் தொற்றுத்தடைக் காவலில் இருந்தாலன்றிக் கரையிறங்க முடியாது என்று கூறப்பட்டது. அத்தனை நாள் தங்குவதற்கு வழியில்லை. ட்வெயினும் தோழர் மூவரும் இரவிலே களவாகக் கரையேறி, நிலவொளியில் அக்கிறோப்பொலிஸ் குன்றைக் கண்டு விடியுமுன் மீண்டனர். மற்றையோர் கப்பலின் மேற்றளத்தில் நின்று தொலைவிலே பார்த்ததோடு சரி. உருசியாவின் செவஸ்தப்போல் துறைக்குச் சென்றபோதோ ட்வெயினிடம் கடவுச்சீட்டே இல்லை. தமது சீட்டைத் தொலைத்துவிட்டு, கொன்ஸ்தாந்திநோப்பிளிலே தங்கிவிட்ட அறைத்தோழரின் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நெஞ்சு படபடக்க நின்றதாக அவரே எழுதுகிறார். புயல், கடல்நோய், நேரம், தொற்றுத்தடை, கடவுச்சீட்டு: இவற்றுள் எதற்கேனும் சேணம் உதவியதா?

மாரிகாலத்தில் வேலையின்றிக் கிடந்த தம் கப்பலொன்றை உல்லாசப் பயணத்துக்கு விடலாம் என்று ஜேர்மானியக் கப்பற் கம்பனியைச் சேர்ந்த அல்பேர்ட் பலின் 1891இல் துணிந்தார். "ஓகுஸ்தா விக்தோரியா" என்ற அக்கப்பலில் 241 பேர் மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்தனர். அதன் பின்னர் கடலுலா ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

ஆயினும் பெட்டி கட்டும் ஒழுங்கைக் கற்பித்தவை உல்லாசக் கப்பல்கள் அல்ல. கொழும்பிலும் தங்கிச் சென்ற பழைய தபாற் கப்பல்களே. இலண்டனுக்குப் படிக்கச் சென்ற மகனுடைய பெட்டியிலே கம்பனியார் கொடுத்த சீட்டு ஒட்டப்பட்டிருந்ததை முதியோர் சிலர் இன்றும் நினைவுகூரக் கூடும். சில பெட்டிகள் பிரயாணியின் அறைக்குரியவை. சில, கீழே பொதியறையில் இருந்தாலும் பயணத்தின்போது தேவைப்படுபவை. குறித்த வேளைகளிற் சென்று திறந்துகொள்ளலாம். ஏனையவை பயணத்தில் வேண்டப்படாதவை; இறங்கும் துறை வரை அவற்றின் முகத்திலே விழிக்க இயலாது. செங்கடலின் வெப்பத்துக்குரிய பருத்தியாடை எந்தப் பெட்டியில், ஆங்கில நாட்டுக் குளிருக்குரிய கம்பளி எந்தப் பெட்டியில் என்று முன்னரே சிந்தியாதவன், சுயெஸ் கால்வாயைக் கடந்தபின் நடுங்கவேண்டியதுதான். அறைக்குரிய பெட்டி கட்டிலின்கீழ் நுழையும் அளவுக்குத் தட்டையாகவே செய்யப்பட்டது. (வெயில் படாத பக்கத்து அறையைப் போகவும் வரவும் கேட்டுப் பெற்ற செல்வரைக் குறிக்க எழுந்ததே "பொஷ்" என்ற ஆங்கிலச் சொல் என்று கூறுவர். சுவையான கதை, ஆனால் அதற்குச் சான்று கிடைத்திலது.) 1967ஆம் ஆண்டுப் போரினால் மூடப்பட்ட சுயெஸ் கால்வாய் 1975இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, பிரயாணிகள் ஆகாய விமானத்துக்கு மாறிவிட்டனர். சீட்டுகள் மறைந்தன, அவை கற்பித்த வகுப்புமுறை மட்டும் இன்றைக்கும் பொருந்துகின்றது.

ஓய்வுபெற்ற தம்பதியர் இருவரை எடுத்துக்கொள்ளலாம். இலண்டனிலுள்ள மகளிடம் செல்கின்றனர்; சவுதாம்ப்டன் துறையிலிருந்து லிஸ்பன், தாஞ்சியர், பார்சலோனா முதலிய துறைகளைத் தொட்டு மீளும் கப்பலில் மூன்று வாரம் செல்வதற்கு மகள் இடம் எடுத்திருக்கிறாள். வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பயணம். தாயார் முதல் நாளே சேலைகளைத் தெரிந்தெடுக்கத் தொடங்குவார். தந்தையாரோ புதிய பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போவார். இரண்டும் பிந்திச் செய்யவேண்டிய வேலைகள். முதலிற் பார்க்கவேண்டியது விசா.

இலங்கைக் கடவுச்சீட்டு உடையவருக்கு ஐரோப்பியத் துறைகளில் இறங்க செங்கன் விசா வேண்டும். லிஸ்பனில் நுழைந்து, மொறோக்கோ நாட்டுத் தாஞ்சியருக்குச் சென்று, மீண்டும் பார்சலோனாவுக்கு வரும்போது அந்த எல்லைக்குள் இரண்டாம் முறை நுழைவதாகின்றது. ஒருமுறை நுழைவதற்கு மட்டும் பெற்ற விசா அங்கே உதவாது. பிரித்தானிய விசாவும் கப்பல் சவுதாம்ப்டனுக்கு மீளும் நாளிற் செல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். மொறோக்கோவுக்கு என்ன வேண்டும் என்பது தனியே கேட்டறிய வேண்டியது. "அந்த ஒரு துறையில் இறங்காமற் கப்பலிலேயே இருந்துவிடுவோம்" என்று எண்ணுவோர் உளர். அந்த எண்ணம் பெரும்பாலும் பலிப்பதில்லை. வழியிலுள்ள ஒரு நாட்டின் விசா இல்லையென்றாலும், புறப்படும் துறையிலேயே ஏற்ற மறுக்கக் கம்பனிக்கு உரிமையுண்டு. கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பக் கிடையாது. மகளுக்குக் குடியுரிமைக் கடவுச்சீட்டு. அவளுக்கு இந்தத் தொல்லை தெரியாது. ஆகையால் பெற்றோரே கேட்க வேண்டும். இடம் எடுத்த பின்னர் அன்று, எடுக்குமுன்.

கடவுச்சீட்டு, பயணம் முடியும் நாளின் பின்னும் ஆறு மாதமேனும் செல்லத்தக்கதாய் இருத்தல் நன்று. பல நாடுகள் அவ்வாறு கேட்கின்றன. வெப்பமண்டல ஆபிரிக்காவையும் தென்னமெரிக்காவையும் தொடும் கப்பலாயின் மஞ்சட் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். 2016ஆம் ஆண்டு முதல் அச்சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும்.

காப்புறுதியைச் செலவு என்று தள்ளிவிடுவோரும் உளர். கப்பலில் வைத்தியர் இருப்பார். ஆனால் அவர் இலவச ஆசுபத்திரி வைத்தியர் அல்லர். நோய் கடுமையானால் உலங்குவானூர்தியில் ஏற்றிக் கரைக்கு அனுப்ப நேரிடும். அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கிவிடும். ஏற்கனவே உள்ள நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் விண்ணப்பத்தில் மறைத்தவருக்குக் காப்புறுதி இருந்தும் இல்லாததே.

இனிப் பெட்டி. துறையிலே பெரிய பெட்டிகளைச் சுமையாளிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவை அறைவாயிலுக்கு வந்து சேர மாலையாகலாம், சிலவேளை இரவுமாகும். ஆகவே தோளிலே தொங்கும் சிறு பைதான் முதல் நாளின் வீடு. கடவுச்சீட்டு, விசாப் பிரதிகள், காப்புறுதிப் பத்திரம், மாற்று மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை என்பன அதனுள் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குளிசைகள் முழுவதும் அதனுள்ளேயே இருக்க வேண்டும். பாதியை இங்கும் பாதியை அங்கும் வைப்பது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். பெரிய பெட்டி வழிதவறினால் அந்தப் பாதி நடுக்கடலிற் கிடையாது. குளிசைகள் மருந்துக்கடைப் பொதியிலேயே, வைத்தியரின் சீட்டோடு இருத்தல் வேண்டும். பத்து நாளுக்கு மேலதிகமாகவும் கொண்டுசெல்லலாம். புயலினாற் கப்பல் பிந்துவது 1867உடன் முடிந்துவிட்ட செய்தியன்று. எல்லாப் பத்திரங்களும் கைத்தொலைபேசியில் உள்ளன என்பார் இளையோர். தொலைபேசி நீரில் விழுந்தால் பத்திரமும் விழுந்ததே. தாளிலும் ஒரு பிரதி வேண்டும். கடலில் அத்தொலைபேசி கப்பலின் செய்மதி வலையமைப்பைத் தானே பற்றிக்கொண்டு பெருங்கட்டணம் ஏற்றிவிடுவதும் உண்டு. புறப்பட்டவுடன் அதனை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடல் நலம்.

உடை விடயத்திலே பெரும்பாலானோர் தவறுவது கணக்கில். இருபத்தொரு நாளுக்கு இருபத்தொரு உடை என்பது கணக்கன்று. கப்பலிற் சலவை உண்டு. பத்து நாளுக்குரியது போதும். கப்பலில் நிறை பார்க்காவிட்டாலும், துறைக்குக் கொண்டுசெல்லும் விமானத்திற் பார்ப்பார்கள். விருந்து இரவுகளில் நல்லுடை கேட்கும் கப்பல்கள் பல. அதற்குப் பட்டுச் சேலை இரண்டு தாராளம். மேலங்கி தைப்பிக்க ஓடும் ஐரோப்பியப் பிரயாணியைவிட அந்த அம்மையாரின் நிலை எவ்வளவோ மேல். ஆனால் செருப்பைக் கவனிக்க வேண்டும். நனைந்த தளத்தில் வழுக்காத, பழகிய செருப்பே உகந்தது. புதுச் சப்பாத்து லிஸ்பனின் மேட்டுத் தெருக்களிலே அரை நாளிற் காலைக் கடித்துவிடும்.

இஸ்திரிப்பெட்டி, நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல், மெழுகுதிரி என்பவற்றைக் கொண்டுசெல்லுதல் ஆகாது. அறையிலே சாமி படத்தின்முன் விளக்கேற்ற விரும்புவோருக்கு இது வருத்தமாயிருக்கலாம். ஆயினும் கப்பலில் தீ என்பது கரையில் தீ போன்றதன்று. ஓடிப்போவதற்கு வீதி இல்லை. 1965ஆம் ஆண்டு நவம்பரிலே "யார்மத் காசில்" என்னும் உல்லாசக் கப்பல் தீப்பற்றி மூழ்கியபோது தொண்ணூறு பேர் மாண்டனர். மகளுக்கென்று கட்டும் ஊறுகாய், பனங்கட்டிப் பொதிகளையும் இலண்டன் வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். வீட்டில் ஆக்கிய உணவைப் பல கம்பனிகள் ஏற்பதில்லை. அவுஸ்திரேலியத் துறைகளில் அறிவிக்காமல் உணவைக் கரைக்குக் கொண்டுசென்றாற் கடுந்தண்டம் விதிப்பார்கள்.

கடல்நோய்க்கு அஞ்சுவோர் அறை எடுக்கும்போதே சிந்தித்தல் வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்திலுள்ள அறை குறைவாக ஆடும். மேல்தளத்து முகப்பறையே விலை கூடியது. ஆட்டமும் அங்கேதான் கூட. நோய்க்குரிய குளிசையை ஆட்டம் தொடங்குமுன் விழுங்கினாற்றான் பயன். மேற்றளத்துக்கு வந்து அடிவானத்தை நோக்கி நிற்பதும் நிவாரணமே.

துறைக்கு முதல் நாளே சென்று தங்குவது செலவெனினும் வீண்செலவன்று. இரவு விமானத்தில் வந்திறங்கி அன்று மாலையே கப்பலேறத் திட்டமிடுவோர், ஒரு விமானத் தாமதத்துக்கு முழுப்பயணத்தையும் பணயம் வைக்கின்றனர். கப்பல் காத்திராது. இடைத்துறைகளிலும் அவ்வாறே. மீண்டும் ஏறவேண்டிய நேரம் கப்பல் நேரமா, கரை நேரமா என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளல் வேண்டும். ட்வெயின் கண்ட இளைஞரின் கடிகாரம் இன்றும் பல கைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றது.

ஏறிய அன்றே ஆபத்துப் பயிற்சிக்கு அழைப்பார்கள். உயிர்காப்பு மேலங்கி எங்கே, தமக்குரிய கூடுமிடம் எது என்று காட்டுவார்கள். பெட்டி இன்னும் வரவில்லை, களைப்பாயிருக்கிறது என்று அதனைத் தட்டிக்கழிக்க எண்ணலாகாது. 2012ஆம் ஆண்டு யனவரி 13ஆந் திகதி இரவு இத்தாலியக் கரையோரத்திலே "கொஸ்தா கொங்கோர்டியா" பாறையில் மோதியபோது, அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அப்பயிற்சி நடந்திருக்கவில்லை. இருபத்துநான்கு மணி நேரத்துள் நடத்தினாற் போதும் என்பதே அக்கால விதி. அன்று முப்பத்திரண்டு உயிர்கள் போயின. 2015 முதல், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனோ பயிற்சி நடத்தப்படல் வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டது. தம்பதியர் இருவரும் தம் அறையிலிருந்து கூடுமிடத்துக்குச் செல்லும் படிக்கட்டை ஒருமுறை தாமே நடந்து பார்த்துவிடுதல் நன்று, மின்தூக்கியில் அன்று.

இறுதி இரவைப் பற்றியும் ஒரு சொல். அன்று பெரிய பெட்டிகளை நள்ளிரவுக்கு முன் அறைவாயிலின் வெளியே வைத்துவிடுமாறு அறிவிப்பார்கள். அவை இரவோடிரவாக எடுத்துச் செல்லப்பட்டு, காலையில் துறை மண்டபத்திலேயே காட்சி தரும். நேர்த்தியாக யாவற்றையும் மடித்து, ஒன்றும் மிச்சமின்றிப் பூட்டி வெளியே வைத்துவிட்டு, விடிந்தபின் இரவுடையோடு நிற்கும் பிரயாணியின் கதை கப்பல் ஊழியரிடையே பழங்கதை. ஆகவே மறுநாளைக்குரிய ஒரு சோடி உடுப்பையும், செருப்பையும், காலைக் குளிசையையும், கடவுச்சீட்டையும் கதிரையின்மேல் எடுத்து வைத்து, இருவரும் ஒருமுறை பார்த்துக்கொண்ட பின்னரே பெட்டியைப் பூட்டுதல் வேண்டும்.