பிரமிடு தெரியும், பரம்பு தெரியுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சிவில் படிச்சவன், பாலத்தைப் பத்திப் பேசுவான்" என்று நினைத்திருப்பீர்கள். நான் பானையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எகிப்து என்றதும் நமக்குப் பிரமிடு, மம்மி, நைல் நதி எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் படித்தது. நானும் பிரமிடு படம் வரைந்து மார்க் வாங்கியவன்தான். ஆனால் பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் பஸ் ஏறினால், கருங்குளம் தாண்டி, தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். அங்கே 114 ஏக்கரில் ஒரு பரம்பு. எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருப்பேன்! கோயிலுக்குப் போகிற அவசரத்தில் ஒரு நாளும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததில்லை.

1876-ல் பெர்லினிலிருந்து ஜாகர் என்ற அறிஞர் அங்கே வந்து தோண்டி, கிடைத்ததைத் தம் ஊருக்கு எடுத்துப் போனார். பிறகு அலெக்ஸாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டினார். தாழிகள், இரும்பு வாள், ஈட்டி, கோடரி, வெண்கலக் கிண்ணங்கள், நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் பட்டங்கள் எல்லாம் வந்தன. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? தாழிக்குள் இருந்ததை வைத்தே கொஞ்சம் சொல்லலாம். நெல் உமி இருந்தது, சிறுதானிய உமி இருந்தது. ஆக, வயல் இருந்திருக்கிறது. துணியின் சிதைவு இருந்தது, நெசவு தெரிந்திருக்கிறது. வெண்கல மூடியின் உச்சியில் எருமையும் சேவலும் நிற்கின்றன. ராஜா படம் இல்லை, தொழுவத்தில் நின்ற மாடும் முற்றத்தில் கூவிய சேவலும்தான்! எகிப்தியன் செத்தவருக்குச் சாப்பாடு வைத்தான். நம் ஆளும் வைத்தான். இன்றைக்கும் நாம் தாத்தாவுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைக்கத்தானே செய்கிறோம்?

பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் உமியைச் சோதித்ததில் காலம் கி.மு. 1155 என்று வந்தது. 2021-ல் சட்டசபையிலேயே இதை அறிவித்தார்கள். எகிப்தில் மூன்றாம் ராமசேஸ் மன்னன் இறந்ததும் ஏறத்தாழ அந்தக் காலம்தான். அங்கே மன்னனைப் புதைத்தபோது இங்கே யாரோ ஒரு சம்சாரியைப் புதைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் வந்த அரசு அறிக்கை, சிவகளையின் இரும்பை இன்னும் பின்னால், கி.மு. 3345 வரை கொண்டு போகிறது. அறிஞர்கள் அதை விவாதிக்கட்டும்.

என்ஜினியராக எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தப் பரம்பு மேட்டு நிலம், கல் பூமி, விவசாயத்துக்கு ஆகாது. பாறையைக் குடைந்து குழி வெட்டித் தாழியை இறக்கியிருக்கிறார்கள். ஆற்றோரத்து நல்ல மண்ணை வயலுக்கு விட்டுவிட்டு, கஷ்டப்பட்டுக் கல்லை வெட்டினார்கள். வயலை மூடி பிளாட் போடுகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிது. இந்த ஆற்றங்கரைப் பக்கம் குழாய் பதிக்கப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஜேசிபி வாளியில் 'டொக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பெரிய தாழியின் வாய், உள்ளே கறுப்பும் சிவப்புமாய்ச் சின்னக் கலயங்கள். மேஸ்திரி சொன்னார்: "சார், வெளிய தெரிஞ்சா வேலை ஆறு மாசம் நிக்கும். பேசாம இருங்க." நான் பேசாமல் இருந்தேன். அரை மணியில் அதன் மேல் மணல் போட்டு, குழாய் இறக்கியாயிற்று. அன்றைக்கு நான் எழுதிய ரிப்போர்ட்டில் 'வேலை தடையின்றி நடந்தது' என்று இருக்கிறது.

2023-ல் ஆதிச்சநல்லூரில், தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மகளைக் கூட்டிப் போனேன். கீழே தாழியைப் பார்த்து, "அப்பா, இதை யாரு கண்டுபிடிச்சா?" என்றாள். யாரோ ஒருவர் தோண்டுவதை நிறுத்தினார், அதனால் கிடைத்தது என்று சொன்னேன். நான் நிறுத்தாத கதையைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களில் பாதிப் பேர் நாளைக்கு எங்கேயாவது மண்ணைத் தோண்டத்தான் போகிறீர்கள். 'டொக்' என்று சத்தம் கேட்டால் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு போட்டோ எடுங்கள். வி.ஏ.ஓ.வுக்கோ கலெக்டர் ஆபீசுக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். வேலை கொஞ்சம் தாமதமாகும், மேலதிகாரி திட்டுவார். திட்டு நாலு நாளில் மறந்துபோகும். எனக்கு அந்தத் தாழி இன்னும் மறக்கவில்லை.

நைல் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நம் பொருநை நூற்று முப்பதைக்கூடத் தொடாது. அதன் கரையில் கிடப்பதைக் காப்பாற்ற நாம் இத்தனை பேர் போதாதா?