உடலுக்குள் ஒரு நிலம்

(திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில், ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிலத்துக்குத் தொழு உரம் இடுகிறோம். அது பயிருக்கு மட்டுமன்று, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உணவாகிறது. நமது பெருங்குடலும் அத்தகைய நிலமே. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சிறுகுடலில் செரிக்காத சில மாவுப்பொருள்களும் நார்ப்பொருள்களுமே அவற்றின் ஆகாரம். சின்ன வெங்காயம், பூண்டு, பயறு வகைகள், வாழைக்காய், அதிகம் தீட்டாத சிறுதானியங்கள் ஆகியவற்றில் இவை உண்டு.

நுண்ணுயிர்கள் இவற்றைப் புளிக்கச் செய்து சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடலின் உட்சுவருக்கு ஊட்டமளிக்கின்றன. 'வயிறு நிறைந்தது' என மூளைக்கு அறிவிக்கும் ஹார்மோன்கள் சுரக்கவும் துணை செய்கின்றன.

இவ்வமிலங்களின் பயனை நம் மாநிலத்திலேயே கண்டறிந்துள்ளனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலுடன், எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுப்பொருளையும் சேர்த்துக் கொடுத்தனர். வழக்கமான கரைசல் மட்டும் அருந்தியவர்களைவிட இவர்களுக்குப் பேதி விரைவில் நின்றது. அவ்வாராய்ச்சி 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இன்று நம்மை எதிர்நோக்கும் இடர் பருமன். நாடெங்கும் நடத்தப்பெற்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு வயிற்றுப் பருமன் உள்ளது. ஏர் பிடித்த கைகள் இன்று இயந்திரம் ஓட்டுகின்றன. உழைப்பு குறைந்தது; சோறு குறையவில்லை. அரிசியை வெண்மையாகத் தீட்டும்போது தவிட்டுடன் நாரும் போய்விடுகிறது. நமக்கு வயிறு நிறைகிறது. நுண்ணுயிர்களோ பட்டினி கிடக்கின்றன.

எனினும், நார்ப்பொருளால் மட்டும் பருமன் கரைந்துவிடும் என எண்ணலாகாது. அதனால் குறையும் எடை சிறிதே. சோற்றின் அளவைக் குறைத்து, அவ்விடத்தில் பயறும் காய்கறியும் சேர்த்தல் வேண்டும். நாள்தோறும் உடலுழைப்பும் வேண்டும். நாளொன்றுக்கு 25 கிராம் நார்ப்பொருளேனும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும். ஆதலால் சிறுகச் சிறுகக் கூட்டுக. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது.

விளைந்த கம்பையும் குதிரைவாலியையும் முழுவதும் விற்றுவிட்டு, அப்பணத்தில் தீட்டிய அரிசி வாங்குவது இலாபமாகாது. வீட்டுக்கென ஒரு மூட்டை ஒதுக்குங்கள். ஊராட்சி உறுப்பினர்கள் அடுத்த கிராம சபையில் இதனை எடுத்துரைத்து, அங்கன்வாடிகளில் காய்கறித் தோட்டம் அமைய ஆவன செய்வீர்களாக. மண்ணைப் பேணத் தெரிந்த நமக்கு உடலைப் பேணுதல் அரிதன்று.