அல்பேனியாவில் கரைந்த கூலிப் பணம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "கம்யூனிஸ்ட் கட்சிகளின் ஆட்சி போன நாடுகளில் சாதாரண ஜனங்கள் என்ன ஆனார்கள்?" நல்ல கேள்வி. ஆனால் அந்த நாடுகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் சொன்னால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். ஆகவே ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். அல்பேனியா. கிரீஸ் நாட்டுக்கு வடக்கே உள்ள சின்ன நாடு. கடலுக்கு அக்கரையில் இத்தாலி. நம்மைப் போல் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்களின் பணம் அங்கே என்ன ஆயிற்று என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1944 முதல் 1985இல் சாகும் வரை அங்கே என்வர் ஹோஜாவின் ஆட்சி. முதலில் யூகோஸ்லாவியாவோடு பகை, பிறகு சோவியத் நாட்டோடு பகை, கடைசியில் சீனாவோடும் பகை. தனி ஆள் கார் வைத்துக்கொள்ளக் கூடாது. 1967இல் கோயில், மசூதி எல்லாவற்றையும் மூடினார்கள். அனுமதியின்றி எல்லை தாண்டினால் தேசத் துரோகம். அதே ஆட்சிதான் எழுத்தறிவையும் கிராமத்துக்கு மின்சாரத்தையும் கொண்டுவந்தது என்பதையும் சொல்ல வேண்டும், மறைப்பது நியாயமில்லை. ஆனால் வெளியுலகம் எப்படி இருக்கிறது, வங்கி எப்படி நடக்கிறது, கம்பெனி என்றால் என்ன என்பதை ஒரு தலைமுறைக்கே காட்டாமல் வைத்திருந்தார்கள். இதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும்.

ஆட்சி ஆட்டம் கண்டதும் ஜனங்கள் கடலைப் பார்த்தார்கள். 1991 ஆகஸ்டில் கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றிவந்த 'விலோரா' என்ற கப்பல் துர்ரஸ் துறைமுகத்தில் நின்றது. ஏறக்குறைய 20,000 பேர் அதில் ஏறிவிட்டார்கள். கயிற்றைப் பிடித்துத் தொங்கியவர்கள் உண்டு, பாய்மரக் கம்பத்தில் உட்கார்ந்தவர்கள் உண்டு. இத்தாலியின் பாரி நகரத்தில் போய் இறங்கியவர்களை விளையாட்டு மைதானத்தில் அடைத்து, பெரும்பாலோரைச் சில நாட்களில் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பினால் மட்டும் நிற்குமா? மலை வழியாகக் கிரீஸுக்கு நடந்தே போனார்கள். ஆண்களுக்குக் கட்டட வேலை, தோட்ட வேலை. பெண்களுக்கு வீட்டு வேலை, கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காகிதம் இல்லாததால் போலீஸ் பிடித்தால் எல்லைக்கு லாரி. சில நாளில் மறுபடி வருவார்கள். அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணம், அல்பேனியா வெளிநாட்டுக்கு விற்ற சரக்கின் மதிப்பைவிட அதிகமாக இருந்தது. வேட்டி விற்றோ வெண்கலம் விற்றோ அந்த நாடு பிழைக்கவில்லை. ஆளை அனுப்பிப் பிழைத்தது.

சரி, வந்த பணத்தை எங்கே வைப்பது? நாட்டில் இருந்தவை மூன்று அரசு வங்கிகள். அவை கொடுத்த கடன் திரும்பி வரவில்லை. புதிதாகக் கடன் கொடுக்கவும் தடை. ஆகவே கடை வைப்பவன், வியாபாரம் செய்பவன் எல்லாரும் தனியாரிடம் கை மாற்று வாங்கினார்கள். அந்த இடத்தில்தான் கம்பெனிகள் முளைத்தன. வெஃபா, ஜாலிக்கா, கம்பேரி என்று சில. இவற்றுக்குச் சொத்தும் இருந்தது, தொழிலும் கொஞ்சம் இருந்தது. யூகோஸ்லாவியாவின் மீது ஐ.நா. போட்ட தடைக்காலத்தில் எல்லை தாண்டி எண்ணெய் கடத்தி லாபம் பார்க்கிறார்கள் என்று ஜனங்கள் நம்பினார்கள். 1995 கடைசியில் தடை தளர்ந்தது, அந்த வரும்படி போயிற்று. ஆனால் கம்பெனிகள் வட்டியைக் குறைக்கவில்லை. ஏற்றினார்கள்!

1996இல் மாதத்துக்கு நூற்றுக்கு நாலு, ஐந்து என்றிருந்த வட்டி எட்டாயிற்று. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், நூறு ரூபாய் போட்டால் வருஷத்தில் தொண்ணூற்றாறு ரூபாய் வட்டி. எந்த ஆலை இந்த லாபம் கொடுக்கும்? நேற்று போட்டவருக்கு இன்று வருபவரின் பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சுதே என்ற கம்பெனிக்கு இதைத் தவிர வேறு தொழிலே கிடையாது. ஜாஃபெரி, பொப்புல்லி என்ற இரண்டும் தரும ஸ்தாபனம் என்று பெயர் வைத்துக்கொண்டன. ஜாஃபெரி, மூன்றே மாதத்தில் பணத்தை மூன்று மடங்காக்குவோம் என்றது. 33 லட்சம் பேர் இருந்த நாட்டில் இவை இரண்டில் மட்டும் 20 லட்சம் பேர் கணக்கு. குடியானவர்கள் ஆடுமாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவந்து விற்றுப் போட்டார்கள். பட்டணத்துக்காரர்கள் வீட்டை விற்றுப் போட்டார்கள். உச்சத்தில் இந்தக் கம்பெனிகள் ஜனங்களுக்குத் தர வேண்டியிருந்த தொகை 120 கோடி டாலர். நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறக்குறைய பாதி.

"பேராசைதானே?" என்று கேட்கத் தோன்றும். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே தொண்ணூறுகளில் என் அக்காவின் வீட்டுக்காரர் நகையை அடகு வைத்து ஊரில் ஒரு நிதி நிறுவனத்தில் பணம் போட்டார். பெயர் வேண்டாம். ஒருநாள் போனபோது கதவில் பூட்டு. அவரை ஊரே பேராசைக்காரர் என்றது. பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த மனிதர் அவர். கடைசி வரைக்கும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அல்பேனியாவின் ஜனங்கள் யாரைப் பார்த்து நம்பினார்கள்? கம்பெனிகள் 1996 தேர்தலில் ஆளும் கட்சிக்குப் பணம் கொடுத்தன. அமைச்சர்கள் அவர்களோடு மேடையில் நின்றார்கள். வெளிநாட்டு நிபுணர்களோ, 1993 முதல் மூன்றாண்டு நூற்றுக்கு எட்டுக்கு மேல் வளர்ச்சி என்று அந்த நாட்டைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். விலையை விட்டுவிடு, கூட்டுப்பண்ணை நிலத்தைப் பங்கிடு, ஆலையை விற்றுவிடு என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, வங்கியைக் கண்காணிக்க ஒரு அலுவலகம் வேண்டும் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. 1996இல் பன்னாட்டு நிதியம் எச்சரித்தது. அக்டோபரில் நிதி அமைச்சகமும் எச்சரித்தது. ஆனால் குடியரசுத் தலைவர் சாலி பெரிஷா கம்பெனிகளுக்காகப் பரிந்து பேசினார். நாற்பத்தைந்து ஆண்டு சர்க்கார் சொன்னதை மட்டும் கேட்டுப் பழகிய ஜனங்கள் யார் பேச்சை எடுத்துக்கொள்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.

1996 நவம்பரில் சுதே பணம் தர முடியாமல் நின்றது. 1997 ஜனவரியில் சுதேவும் ஜாலிக்காவும் திவால். ஜாலிக்கா இருந்த விலோரா நகரத்தில், படகேறிப் போனவர்கள் நிறைந்த அந்த ஊரில், கலகம் மூண்டது. மார்ச்சில் ராணுவமே கலைந்தது. ஆயுதக் கிடங்குகளை உடைத்து லட்சக்கணக்கான துப்பாக்கிகளை எடுத்துச் சென்றார்கள். ஏறக்குறைய 2,000 பேர் மாண்டார்கள். மார்ச் 28 அன்று இத்தாலிக்குத் தப்பிய ஒரு படகு இத்தாலியக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியதில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அதிகம். இத்தாலி தலைமையில் 7,000 பேர் கொண்ட பன்னாட்டுப் படை வந்தது. ஜூனில் தேர்தல், ஆட்சி மாறியது. ஜாஃபெரி, பொப்புல்லி இரண்டின் பணத்தை மட்டும் அரசு முன்கூட்டியே முடக்கியிருந்ததால் போட்டவர்களுக்கு அதில் ஒரு பகுதி கிடைத்தது. மற்ற கம்பெனிகளில் எடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

அதன் பிறகு அங்கே வங்கிச் சட்டம் வந்தது, கண்காணிப்பு வந்தது, வெளிநாட்டு வங்கிகள் வந்தன. சுற்றுலாவால் கடற்கரை ஊர்களில் இன்று நல்ல வருமானம் என்கிறார்கள். பணம் போனவர்கள் என்ன செய்தார்கள்? மறுபடி கிரீஸுக்கும் இத்தாலிக்கும் போய், மறுபடி முதலிலிருந்து சேர்த்தார்கள். 1989 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் ஜனத்தொகை 31 லட்சத்து 82 ஆயிரம். 2023இல் எடுத்தபோது 24 லட்சம். தம்பி கேட்ட "என்ன ஆனார்கள்" என்ற கேள்விக்கு, அல்பேனியாவைப் பொறுத்தவரை இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் காட்டுவேன். போலந்து, ரஷ்யாவைப் பற்றி நேரமில்லை. தலைவர் அனுமதித்தால் அடுத்த மாதம் பேசுகிறேன்.