குடந்தை இல்லங்கள் கற்பித்த பாடம்



ஆசிரியரின் அன்பு எத்தகையது என வினவினால், நம் பவணந்தி முனிவரின் நன்னூலை நாடலாம். நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறிய அவர், கற்பிக்கும் முறையில் சினம் கொள்ளாமையையும் மாணாக்கன் கொள்ளும் திறனறிந்து உரைத்தலையும் வற்புறுத்துகிறார். பிரம்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

அவ்வியல்பைக் குடந்தைச் சமணர் இல்லங்களில் காண்கிறோம். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அப்போதே கல்லூரித் தமிழாசிரியர். ஆயினும் சமணக் கோட்பாட்டுச் சொற்கள் அவருக்குப் புலப்படவில்லை. ஐயங்களோடு நம்மவர் இல்லங்களுக்குச் சென்றார். வேற்றுச் சமயத்தவர் என எவரும் கதவடைக்கவில்லை. வீடூர் அப்பாசாமி நயினார் போன்றோர் விளக்கியுதவினர். கல்லூரியில் கற்பிப்பவருக்கே கற்பிக்க நேர்ந்தபோது, அறிந்ததை ஒளிக்காமல் தந்தார்களே, அதுவே அன்பு! 1887இல் நூல் அச்சேறியது.

இன்றோ சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்ட் முறையில் உழைக்கும் பெற்றோர்க்கு ஓய்வு அரிது. குணத்தானம், கேவலஞானம் என்னும் சொற்களுக்குப் பிள்ளைகள் பொருள் கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். அன்று அயலாருக்கு விளக்கிய மரபினர் நாம்!

பணி ஓய்வு பெற்ற மூத்தோர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தர இயலுமா? ஊதியமில்லை, வெகுளாமை மட்டும் வேண்டும். இசைவோர் விழா முடியுமுன் தம் பெயரை அறக்கட்டளைச் செயலாளரிடம் பதிந்தருளுக.