சந்தை மீனும் சராசரிக் கணக்கும்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கின்றது. ஆதலால் இப்பகுதிச் சந்தைகளில் வாவி மீனும் கடல் மீனும் அருகருகே விலைப்படுகின்றன. செவுளின் சிவப்பையும் கண்ணின் தெளிவையும் பார்த்து மீன் தேர்வது இல்லத்தரசியரின் கலை. அக்கலை பழுதைக் காட்டும்; பாதரசத்தைக் காட்டாது.

ஜப்பானில் மினமாட்டாக் குடாவின் மீனை உண்டோருக்கு நேர்ந்த நரம்பு நோய் 1956 ஆம் ஆண்டு வெளிப்பட்டது. ஆலைக் கழிவோடு கடலிற் சேர்ந்த மெதைல் பாதரசமே அதற்குக் காரணம். சிறு மீனைப் பெரு மீன் விழுங்க விழுங்க, அந்நஞ்சு படிப்படியாகத் திரளும். சமைத்தாலும் நீங்காது.

இதனை ஆய்வுகூடமே அளக்கவல்லது. அளந்த எண்ணை வாசிப்பது எங்ஙனம்? சூரை மீனுக்குக் கிலோகிராமுக்கு 1.2 மில்லிகிராம் மெதைல் பாதரசம் என்னும் எல்லையைச் சர்வதேச உணவு நியம ஆணைக்குழுவாகிய கோடெக்ஸ் 2018 இல் வகுத்தது. பத்துச் சூரைகளைச் சோதித்ததாகக் கொள்வோம். ஒன்பதில் 0.2 வீதமும் பத்தாவதில் 2.2 உம் இருப்பின், சராசரி 0.4 மட்டுமே. சராசரி எல்லைக்குள் அடங்குகின்றது. பத்தாவது மீனோ எல்லையைக் கடந்து நிற்கின்றது.

ஆகவே, நேயர்களே, எத்தனை மீன்கள், எந்தச் சந்தை, எந்தப் பருவம், என்ன பருமன், எல்லை கடந்தவை எத்தனை என்று கேட்பதே முறை. ஒரு மீனைக் கொண்டு சந்தை முழுவதையும் பழிப்பதும் அதே பிழைதான். அதனால் மீனவர் பிழைப்புக் கெடும், ஏழையின் புரதமும் போகும். கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் சுறா முதலிய பெரு மீன்களைக் குறைத்து, சூடை போன்ற சிறு மீன்களை உண்பது நன்று. அச்சமும் அசட்டையும் அன்று, அளவறிதலே காவல்.