நிலமில்லாதவருக்கு எது நிவாரணம்?

(ஓசூரில் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் நிவாரணப் பொருள்கள் போயின. அனுப்பியது சரிதான். ஆனால் அந்த அரிசி தீர்ந்த பிறகு மக்கள் எதைக் கொண்டு பிழைப்பார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மலையகத் தமிழர்கள் யார்? 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிகள் இங்கிருந்து கூட்டிப்போன உழைப்பாளிகளின் வழிவந்தவர்கள். பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். சாதி இங்கே நிலத்தை மறுத்ததால் கடல் கடந்து போனார்கள். அங்கேயும் நிலம் கிடைக்கவில்லை. லயம் கிடைத்தது. ஓசூரில் லைன் வீட்டில் குடியிருக்கும் தோழர்களுக்கு லயம் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே வேறுபாடு, லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் தலைக்கு மேலிருக்கும் கூரையும் கேள்விக்குறிதான். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாகவே ஆக்கியது.

2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை வந்திருந்தது. 'ஏன் கிளம்பவில்லை?' என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாதவர் எங்கே கிளம்புவார்?

கிளம்பியவர்களின் கதையையும் கேளுங்கள். 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி மலையகத்தவர் பலர் வன்னிக்குப் போனார்கள். அங்கே சக தமிழர்களிடமே 'தோட்டக்காட்டான்' என்று பெயர் வாங்கினார்கள். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தார்கள். 2009 வரை நடந்த போர் அவர்களையும் தின்றது. டித்வா வெள்ளம் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கமும் புகுந்தது. போரில் ஒருமுறை, வெள்ளத்தில் ஒருமுறை என்று இழந்தவர்கள் இவர்கள்.

நிவாரணக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது? வீட்டுக்கு இவ்வளவு, பயிருக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு. உடைமை இருந்தவருக்குத்தான் இழப்பு. கூலி ஒன்றே உடைமையாக இருந்தவர் காகிதத்தில் எதையும் இழக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் இதைப் பார்த்தோம். படகு இழந்தவருக்குப் படகு வந்தது. கரையில் கூலி வேலை பார்த்த தலித் மக்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முகாமிலும் குடிநீரிலும் தீண்டாமை இருந்தது.

நம் மாவட்டம் மட்டும் விதிவிலக்கா? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் இழுத்துப் போனதை எல்லோரும் காணொளியில் பார்த்தோம். பயிர் நிவாரணத்துக்குச் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். அறுப்புக் கூலியை இழந்த பெண்ணுக்கு அடங்கலில் இடம் ஏது? பணம் ரேஷன் அட்டைக்கு வரும். சிப்காட்டில் ஒப்பந்த வேலை செய்யும் ஒடிசா, பீகார் தோழரிடம் இந்த ஊர் அட்டை ஏது? அதே ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பல்லாண்டுகளாக இங்கே வாழ்ந்தும் குடியுரிமைக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட முகாம்களில் மலையக வழிவந்தோர் ஆயிரக்கணக்கில் உண்டு.

ஆகவே நம் கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். இலங்கையில், இடம்பெயர்த்த தோட்டத் தொழிலாளருக்குப் பாதுகாப்பான இடத்தில் வீட்டுமனை மட்டுமல்ல, பயிர் செய்யவும் நிலம் வேண்டும், அதுவும் குடும்பத்துப் பெண்ணின் பெயரையும் சேர்த்த உறுதியோடு. இங்கே, பட்டாவையோ அட்டையையோ பார்க்காமல், குடியிருப்பவர் எல்லோரையும் கணக்கெடுத்து, இழந்த வேலை நாளுக்குக் கூலி ஈடு வேண்டும்.

நிவாரணத்தைக் கருணையாக வாங்கினால் கொடுப்பவர்தான் அளவைத் தீர்மானிப்பார். உரிமையாகக் கேட்டால் அளவுகோலையே மாற்றச் சொல்லலாம். அடுத்த மழைக்கு முன் நம் சேரிகளிலும் லைன் வீடுகளிலும் யார் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று நாமே எழுதத் தொடங்குவோம்.